நடிகைக்குக் குரல் கொடுக்கும் வேலை: தங்கையை அனுப்பலாமா?

கேள்வி இது: "தங்கை மதுரையில் பட்டப்படிப்பை முடித்திருக்கிறாள். குரல் ரொம்ப இனிமையாக இருக்கிறது, சினிமாவில் டப்பிங் பேசலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். சென்னைக்கு அனுப்பலாமா? என்ன தெரிந்திருக்க வேண்டும், எங்கே தொடங்குவது, எத்தனை வயது வரை இந்தத் தொழில் ஓடும், பெண்களுக்குப் பாதுகாப்பானதா?"

அனுப்பலாம். ஆனால் குரல் இனிமையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம். குரல் பதிவு நடக்கும் டப்பிங் தியேட்டரில் முதல் பத்து நிமிடத்தில் பார்ப்பது வேறு மூன்று விஷயங்களை. திரையில் உதடு திறக்கும் அதே கணத்தில் முதல் எழுத்தைப் பிடிக்கிறாரா? நடிகை மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் வாங்குகிறாரா? எட்டாவது டேக்கிலும் முதல் டேக்கின் உணர்ச்சி இருக்கிறதா? இந்த மூன்றும் இருந்தால் கரகரப்பான குரலுக்கும் வேலை உண்டு. இவை இல்லாமல் தேன் குரல் மட்டும் இருந்தால் ரேடியோவுக்கோ, போனில் 'ஒன்றை அழுத்தவும்' என்று கேட்கும் ஐவிஆர் பதிவுக்கோ போகலாம்.

முதலில் இந்த வேலை ஏன் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. வருமானமும் ஆயுளும் அதைப் பொறுத்தவை. கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வை 1944-ல் ஏவிஎம் தமிழில் பேசவைத்தது. அது மொழி மாற்றம். அதன் பிறகு வந்த இன்னொரு வழக்கம், நேரடித் தமிழ்ப் படத்திலேயே நடிகைக்கு வேறொரு பெண் பேசுவது. கதாநாயகன் தன் குரலிலேயே பேசுவான். கதாநாயகி மும்பையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருவார். தமிழ் தெரியாது, அல்லது தெரிந்தும் ழகரம் இடறும். அதனால் இந்தத் தொழிலின் பெரிய வாய்ப்புகள் பெண்களுக்கு வந்து சேர்ந்தன. ஆண் டப்பிங் கலைஞர்களில் பலருக்கு வில்லன்களும் பிறமொழிப் படங்களும்தான் சோறு போடுகின்றன.

நடிக்கத் தெரிந்த பெண்கள்தான் இதில் நிலைத்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று நிறைய. 'முதல் மரியாதை'யில் ராதாவுக்குப் பேசியது ராதிகா. 'பம்பாய்' மனீஷா கொய்ராலாவுக்கும், 'இருவர்', 'ராவணன்' படங்களில் ஐஸ்வர்யா ராய்க்கும் ரோகிணி. சரிதா தெலுங்கில் முன்னணி நாயகிகள் பலருக்குக் குரலாக இருந்தவர். தீபா வெங்கட் சின்னத்திரைத் தொடர்களில் நடித்துத் தெரிந்த முகம். 'ராஜா ராணி'யில் நயன்தாராவின் குரல் அவருடையது. சிம்ரனின் பல படங்களில் நாம் கேட்பது சவிதா ரெட்டியை. இவர்கள் யாரும் குரலை மட்டும் விற்றவர்கள் இல்லை. 2010-ல் ஒரே கதை தமிழில் திரிஷாவை வைத்தும் தெலுங்கில் சமந்தாவை வைத்தும் வந்தது, 'விண்ணைத்தாண்டி வருவாயா', 'ஏ மாய சேசாவே' என்று. நாயகி பெயர் இரண்டிலும் ஜெஸ்ஸி. இரண்டு ஜெஸ்ஸிக்கும் குரல் சின்மயி. இரண்டு முகம், இரண்டு மொழி, ஒரு தொண்டை. இரண்டிலும் அது அந்தந்த நடிகையின் குரலாகவே ஒட்டிக்கொண்டது. தொழில் என்றால் இதுதான்.

இனி வேலை நடக்கும் விதம். படப்பிடிப்பில் பதிவான குத்துமதிப்பான ஒலியைப் 'பைலட் ட்ராக்' என்பார்கள். அதில் நடிகை தமிழ் வசனத்தை இந்தியில் எழுதிவைத்துப் படித்திருப்பார், பின்னாலிருந்து யாரோ வசனம் எடுத்துக் கொடுப்பது கேட்கும், ஜெனரேட்டர் ஓடும். சிலர் வாய்க்கு வந்த எண்களைக்கூடச் சொல்லியிருப்பார்கள். எடிட் செய்த படத்தைச் சின்னச் சின்னத் துண்டாகத் திரையில் ஓட்டுவார்கள். ஒரு துண்டுக்குப் பெயர் 'லூப்'. பிலிம் காலத்தில் அந்தத் துண்டின் இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, திரும்பத் திரும்பச் சுற்றவிட்டார்கள். இன்று ப்ரோ டூல்ஸ் போன்ற மென்பொருளில் எல்லாம் நடக்கிறது, பெயர் மட்டும் மாறவில்லை. ஒரு லூப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாக்கியம், ஐந்திலிருந்து பதினைந்து விநாடி.

பேசுபவருக்குக் கிடைப்பது இவ்வளவுதான்: முதல் முறை ஓடும்போது பைலட்டைக் கேட்கலாம். இரண்டாம் முறை பேப்பரைப் பார்த்து வாய்க்குள் ஒட்டிப் பார்க்கலாம். மூன்றாவது, டேக். அனுபவம் உள்ளவர்கள் முதல் ஓட்டத்தில் பேப்பரைத் தொடவே மாட்டார்கள். நடிகையின் தோளைப் பார்ப்பார்கள். தோள் ஏறும் இடம் மூச்சு. அந்த இடத்தில் பேப்பரில் பென்சிலால் ஒரு சாய்கோடு. பிறகு தலையசைவு, கண் சிமிட்டல். அழுத்தம் விழும் சொல் எது என்பதை அவை சொல்லிவிடும். புதிதாக வருபவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். பேப்பரில் கண்ணை நட்டுவைத்துப் படிப்பார்கள். சிங்க், அதாவது உதட்டசைவோடு ஒலி பொருந்துவது, தப்பும்; தப்பாவிட்டாலும் வாசிப்பது போலவே கேட்கும். வசனத்தைப் பேப்பரில் படித்து நெஞ்சில் ஏற்றிக்கொண்டு கண்ணைத் திரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பதினைந்து விநாடி வசனத்தை இரண்டு ஓட்டத்தில் மனப்பாடம் செய்யும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த வேலை கடினம்.

சிங்க் என்பதன் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 42 மில்லி விநாடி. ஒலி படத்துக்கு முந்தினால் 45 மில்லி விநாடியிலேயே, அதாவது ஒரு ஃப்ரேமிலேயே, மனிதக் கண்ணும் காதும் கண்டுபிடித்துவிடும். பிந்தினால் 125 வரை, மூன்று ஃப்ரேம், பொறுத்துக்கொள்ளும் என்பது ஒளிபரப்புத் துறையில் ஏற்றுக்கொண்ட அளவு. இயற்கையிலும் இடி மின்னலுக்குப் பின்னால்தானே வருகிறது. ஆகவே பதற்றத்தில் முந்திக்கொள்ளும் பழக்கம்தான் பெரிய கெடுதல். கொஞ்சம் பிந்தினால் இன்ஜினியர் இழுத்துச் சரிசெய்துவிடுவார். முந்தியும் வேகமாகவும் பேசிவிட்டால் வாக்கியத்தின் தொடக்கத்தை நகர்த்தலாம், நடுவும் கடைசியும் உதட்டில் உட்காராது.

உதட்டுக் கணக்கு இன்னும் சுவையானது. வாய் மூடாமல் சொல்லவே முடியாத எழுத்துகள் தமிழில் இரண்டு: பகரமும் மகரமும். வகரத்துக்குப் பல் உதட்டைத் தொடும். குளோசப்பில் பார்வையாளர் கண் இந்த மூன்றைத்தான் பிடிக்கும். ககரமோ தகரமோ எங்கே விழுந்தாலும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதனால் மொழிமாற்று வசனம் எழுதுபவர் முதலில் தேடுவது, திரையில் உதடு மூடும் இடத்தில் ப, ம வரும் தமிழ்ச் சொல்லை. தெலுங்கில் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும், வாய் திறந்தே இருக்கும். 'வத்து' என்று நடிகை சொல்லியிருக்கும் இடத்தில் 'வேண்டாம்' என்று புத்தகத் தமிழில் சொன்னால் கடைசி மகர ஒற்றில் உதடு மூடவேண்டும்; திரையில் வாய் திறந்து கிடக்கும். ஆனால் பேச்சில் நாம் 'வேணாம்' என்று சொல்லும்போது அந்த மகரத்தை மூக்கில் கரைத்துவிடுகிறோம், உதடு மூடுவதே இல்லை. நீங்களே கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து வாசிப்பவர் இங்கே மாட்டிக்கொள்வார், பேசுபவர் தப்பிப்பார். இந்தி, தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வருவது பெரிய உதவி. ஆங்கிலப் படத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும். நடிகை மேசையைத் தட்டும் இடத்தில் நம் வாக்கியத்தின் முக்கியச் சொல் இன்னும் வந்திருக்காது. அப்போது வாக்கியத்தையே உடைத்துத் திருப்பிப்போட வேண்டும். டப்பிங் பேசும் பெண்ணே அந்த இடத்தில் மாற்றுச் சொல் ஒன்றைச் சொன்னால், அடுத்த முறையும் அவரைக் கூப்பிடுவார்கள்.

மைக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நியூமன் யு 87-ஓ சென்ஹைசர் 416-ஓ, எது இருந்தாலும் அது இன்ஜினியர் வேலை. தெரிந்துகொள்ள வேண்டியது தூரம். ஒரு சாண் தூரத்தில் சாதாரணப் பேச்சு. இன்னும் நெருங்கினால் அடிக்குரல் தூக்கிக்கொண்டு, ரகசியம் சொல்வது போலாகிவிடும். காதல் காட்சிக்கு அது வேண்டும், காய்கறி வாங்கும் காட்சிக்கு வேண்டாம். கத்தும்போது ஒரு எட்டுப் பின்னால் போய், முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் கத்த வேண்டும். தாளை மைக்குக்குக் கீழே பிடித்தால் தலை குனியும், தொண்டை அடைபடும். ஸ்டாண்டில் கண் மட்டத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். பகரத்தின் காற்று நேராக மைக்கில் அடிக்காதபடி வாய் மைக்குக்குச் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும்.

பெண்கள் விஷயத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது உடுப்பு. கண்ணாடி வளையல், கொலுசு, ஜிமிக்கி, மொடமொடக்கும் பட்டு, சரசரக்கும் சிந்தெடிக் துப்பட்டா எல்லாம் மைக்கில் பதியும். ஹெட்ஃபோன் ஜிமிக்கியில் இடித்து 'டிக் டிக்' என்று வரும் சத்தத்தைத் தேடி அரைமணி நேரம் போனதெல்லாம் தொழிலில் சகஜம். பருத்திச் சுடிதார், காதில் சின்னத் தோடு, கைக்கடிகாரம் வேண்டாம். பசியோடு போகக்கூடாது, வயிறு உறுமும். வயிறு முட்டச் சாப்பிட்டும் போகக்கூடாது, மூச்சு இறங்காது. பால், தயிர், இனிப்பு சாப்பிட்டவுடன் பேசினால் நாக்கு ஒட்டி 'க்ளிக்' ஒலி வரும் என்பதால் பலர் தவிர்க்கிறார்கள். பச்சை ஆப்பிள் இரண்டு துண்டு கடித்தால் அந்த ஒட்டல் குறையும். ஐஸ் தண்ணீர் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வசனம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அதற்குப் பிறகுதான் 'ரியாக்‌ஷன்': மூச்சு, திடுக்கிடல், முனகல், சிரிப்பு, விக்கல், ஓடும்போது வாங்கும் இளைப்பு. இவற்றுக்குத் தனியாக ஒரு ஓட்டம் விடுவார்கள். இதை அரைகுறையாகச் செய்தால் திரையில் இருக்கும் பெண் பொம்மை போல் தெரிவாள். ஓடும் காட்சிக்குக் கால் அசையாமல் தோளையும் வயிற்றையும் குலுக்கிப் பேச வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே பேசும் காட்சிக்கு வாழைப்பழமோ பிரெட்டோ போதும். முறுக்கைக் கடித்தால் வசனம் நொறுங்கும். அழுகைக்குப் புதியவர்கள் நிஜமாகவே அழுதுவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு அடைத்துக்கொள்ளும். மூக்கு அடைத்தால் மகரம் பகரமாகக் கேட்கும். "அம்மா" என்று கதறியது "அப்பா" என்று பதிவானால் காட்சியே மாறிவிடும். அழுகையின் மூச்சை நடிக்க வேண்டும், கண்ணீரை வரவழைக்கக் கூடாது.

காட்சிகளின் வரிசையை நீங்கள் கேட்டு வாங்கலாம், கேட்கவும் வேண்டும். மெதுவான பேச்சு முதலில், கத்தல், பிரசவக் காட்சி, பேய்க் காட்சி எல்லாம் நாளின் கடைசியில். காலையில் இரண்டு அலறல் காட்சியை முடித்துவிட்டு மதியம் காதல் வசனம் பேசினால் குரலில் உமி ஒட்டியது போலிருக்கும். இயக்குநர் கதை வரிசைப்படி போகலாம் என்பார். பணிவாக மறுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் குரல் போனால் ஸ்டூடியோ வாடகை அவர்களுக்குத்தான் நஷ்டம்.

தொண்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பேசும்போது ஆணின் குரல் நாண்கள் விநாடிக்கு ஏறக்குறைய 120 முறை மோதுகின்றன, பெண்ணுக்கு 200 முறை. நாணும் குட்டை. அதனால் குரல் நாண் முடிச்சு வயது வந்தவர்களில் பெண்களுக்கே அதிகம் வருகிறது. நாள் முழுக்கப் பேசும் டீச்சர்களுக்கும் இது வருகிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் சிலருக்கு நாண்கள் லேசாக வீங்கி, உச்சக் குரல் எட்டாமல் போகும். அந்த நாள்களைக் குறித்துவைத்துக்கொண்டு அலறல் காட்சிகளைத் தள்ளிப்போடுவது நல்லது. குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அது நாணை இன்னும் வருத்தும். மௌனம்தான் மருந்து. மெந்தால் மிட்டாய் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், பிறகு வறட்டும். குரல் கம்மியது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை குரலை வலிந்து பேசிச் சம்பாதிப்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் குழந்தைக் குரல் என்பது ஒரு நாள் முழுக்கக் குதிகாலை உயர்த்தி நடப்பது போல.

எங்கே தொடங்குவது? வீட்டில். ஒரு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். எல்லோருக்கும் மனப்பாடமான புகழ்பெற்ற காட்சி வேண்டாம், பழைய குரலை நகல் எடுக்கும் பழக்கம் வந்துவிடும். பிறமொழித் தொடரில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசும் காட்சி நல்லது. ஒலியை அணைத்துப் பார்த்து, மூச்சு இடங்களைக் குறித்து, தமிழ் வசனம் எழுதி, ஒரு போனில் காட்சி ஓட, இன்னொன்றில் பதிவு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி அடுக்கிய பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் பேசினால் அறையின் எதிரொலி குறையும். முதல் இரண்டு வாரம் மூச்சையும் முதல் எழுத்தையும் மட்டும் பிடித்தால் போதும், நடிப்பெல்லாம் பிறகு. இது சலிப்பாக இருந்தால் இந்தத் தொழில் இன்னும் சலிப்பாக இருக்கும். அதை இப்போதே தெரிந்துகொள்வது லாபம்.

பிறகு மாதிரிக் குரல் பதிவு. 60 முதல் 90 விநாடி. சாதாரணப் பேச்சு, கோபம், அடக்கிய அழுகை, வயதான பெண், மதுரைப் பேச்சு என்று ஐந்து துணுக்கு. பின்னணி இசை வேண்டாம், எதிரொலி சேர்க்க வேண்டாம். எதையோ மறைக்கிறார் என்றுதான் கேட்பவர் நினைப்பார். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக ஒன்று, வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 ஒன்று. கோப்பின் பெயரிலேயே ஆள் பெயர், வயது, தெரிந்த மொழிகள். மதுரைப் பேச்சை மறைக்கச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்க வேண்டாம். பொதுவான சினிமாத் தமிழும் வேண்டும், ஊர்த் தமிழும் வேண்டும். சென்னையில் வளர்ந்தவர் 'அங்கிட்டு' என்று சொல்லும்போது இருக்கும் செயற்கை, ஊர்க்காரரின் காதில் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சென்னையில் வேலை பெரும்பாலும் 'டப்பிங் இன்சார்ஜ்' அல்லது கோ-ஆர்டினேட்டர் வழியாக வரும். எந்தக் கதாபாத்திரத்துக்கு எந்தக் குரல் என்று பட்டியல் போட்டு அழைப்பவர் அவர். முதல் வேலை கூட்டக் குரலாக இருக்கும்: கல்யாண வீடு, பேருந்து, மருத்துவமனை வராந்தா. இதை மட்டமாக நினைக்கிறார்கள். ஆறேழு பேர் நின்று ஆளுக்கொன்றாகப் பொருத்தமாகப் பேச வேண்டும், கதாநாயகி வசனத்தின் மேல் ஏறக்கூடாது, ஒருவர் பேசியதை இன்னொருவர் திரும்பச் சொல்லக்கூடாது. கற்பனை உள்ளவர் இங்கேயே கண்ணில் படுவார். அடுத்து நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, தோழி. பிறகு மொழிமாற்றுத் தொடர்கள். 'பாலிகா வது' ராஜ் டிவியில் 'மண்வாசனை'யாக வந்த காலத்திலிருந்து அது பெரிய பயிற்சிக்களம். நேரடித் தொடர்களில் நடிப்பவர்கள் தங்கள் பிழைப்பு போகிறது என்று அவற்றை எதிர்த்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் ஓர் அத்தியாயம் இருபது இருபத்திரண்டு நிமிடம், அதைச் சில மணி நேரத்தில் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் கிடைக்கும் வேகம் வேறு எங்கும் கிடைக்காது. இப்போது ஓடிடிக்காகக் கொரியத் தொடரும் ஆங்கிலத் தொடரும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன.

சினிமாவில் ஒழுங்காக வேலை செய்யத் தென்னிந்திய சினிமா, டெலிவிஷன் கலைஞர்கள், டப்பிங் கலைஞர்கள் சங்க அட்டை வேண்டியிருக்கும். கட்டணம், தேர்வு முறை மாறிக்கொண்டே இருப்பதால் நேரில் போய்க் கேட்டு, ரசீது பெற்று, தானே கட்ட வேண்டும். "நான் அட்டை வாங்கித் தருகிறேன்" என்று மொத்தமாகப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. ஆண்டுச் சந்தா ரசீதுகளைப் பத்திரமாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பரில் சின்மயி சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். மீ டூ நாள்களில் பாலியல் தொல்லை பற்றி அவர் வெளிப்படையாகப் பேசிய சில வாரங்களில் அது நடந்தது. வழக்கு நீதிமன்றம் போனது. 'லியோ'வில் திரிஷாவுக்கு அவர் குரல் கொடுத்தது 2023-ல். முன்னணியில் இருந்தவருக்கே இத்தனை ஆண்டு இழுத்தது என்றால், புதிதாக வருபவர் தன் தாள்களைத் தன் கையில் வைத்திருப்பது எவ்வளவு அவசியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் மூன்று விதம். படத்தில் கதாபாத்திரத்துக்கு மொத்தமாக, தொடரில் அத்தியாயக் கணக்கில், கூட்டக் குரலுக்கு அன்றைய அழைப்புக்கு. கதாநாயகிக்கு வசன அளவைப் பொறுத்து இரண்டு நாளிலோ நான்கு நாளிலோ முடியும். பேசும்போதே கேட்டுத் தெளிவாக்க வேண்டியது 'கரெக்‌ஷன்'. தணிக்கைக்குப் பிறகு சொல் மாறும், எடிட் மாறி வசனம் கூடும், டிரெய்லருக்கு வேறு மாதிரி கேட்பார்கள். அதற்கெல்லாம் திரும்பக் கூப்பிட்டால் தனிப் பணம் உண்டா, எத்தனை முறை வரை இலவசம் என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். கோ-ஆர்டினேட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவது வழக்கம். பங்கு எவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை. வரி பிடித்திருந்தால் அது பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித்துறை இணையதளத்தில் பார்க்க வேண்டும்.

டைட்டிலில் பெயர். இதைக் கௌரவப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கலைஞர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு, 50 ஆண்டுகள் செல்லும். 2012 திருத்தத்துக்குப் பிறகு அதே சட்டம் சொல்வது: படத்தில் தற்செயலான, சிறு பங்களிப்பாக இருந்து, டைட்டிலிலும் பெயர் வராத ஒருவரை நிகழ்த்துநராகக் கருத வேண்டியதில்லை, தன் பங்களிப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். ஆக, பெயர் வருவதும் வராததும் உரிமைக் கணக்கு. பெயர் மறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 'மணிச்சித்ரதாழ்' பாடம். 1993-ல் வந்த மலையாளப் படம். ஷோபனாவுக்குத் தேசிய விருது. குரல் டப்பிங் கலைஞர் பாக்கியலட்சுமியுடையது என்றே உலகம் நம்பியது. ஷோபனாவின் கதாபாத்திரம் நாகவல்லியாக மாறியபின் வரும் தமிழ் வசனங்களைப் பேசியது இன்னொரு டப்பிங் கலைஞர் துர்கா என்று இயக்குநர் ஃபாசில் சொன்னது 2016-ல், 23 ஆண்டுகள் கழித்து. மலையாளத்தில் ஆளை உலுக்கிய அந்தத் தமிழ் யாருடையது என்று யாருக்கும் தெரியாமலே ஒரு தலைமுறை போய்விட்டது. தமிழக, கேரள அரசுகளின் திரைப்பட விருதுகளில் டப்பிங் கலைஞருக்கு இடம் உண்டு. தேசிய விருதில் தனிப்பிரிவு கிடையாது.

இப்போது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது குரல் நகல். ஒப்பந்தத்தில் 'எல்லா ஊடகங்களிலும், எல்லாக் காலத்துக்கும், இனி வரப்போகும் தொழில்நுட்பங்களிலும்' என்று ஒரு வரி இருக்கும். செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கவோ குரலை நகலெடுக்கவோ இந்தப் பதிவைப் பயன்படுத்தக்கூடாது, வேண்டுமானால் தனி ஒப்புதலும் தனிச் சம்பளமும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். புதியவர் கேட்டால் சிரிப்பார்கள், கேட்டுவிடுவது நல்லது. "வாய்ஸ் டெஸ்ட்" என்ற பெயரில் மணிக்கணக்கில் தொடர்பில்லாத தனித்தனி வாக்கியங்களைப் படிக்கச் சொன்னால் அது டெஸ்ட் இல்லை. டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று லூப் போதும்.

பாதுகாப்பு விஷயம். படப்பிடிப்புத் தளத்தோடு ஒப்பிட்டால் டப்பிங் தியேட்டர் சின்ன இடம், ஆள் குறைவு, கதவு தடிமன், உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. ரிலீஸ் நெருங்கினால் நள்ளிரவு வரை வேலை. ஆகவே சில வழக்கங்களை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டூடியோ பெயர், முகவரி, யார் அழைத்தது, எத்தனை மணி வரை என்பதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போவது. இரவு ஒன்பதுக்கு மேல் போனால் திரும்பும் வண்டி யார் பொறுப்பு என்று முன்பே கேட்பது. வீட்டிலோ ஹோட்டல் அறையிலோ 'டெஸ்ட்' என்றால் போகவே கூடாது. மைக்கும் திரையும் இல்லாத இடத்தில் டப்பிங் டெஸ்ட் என்று ஒன்று கிடையாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அப்படி இல்லாத சின்ன இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சினிமாத் தயாரிப்பு அலகுகளும் குழு அமைக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், அழைத்த செய்தியும் பணம் வந்த வங்கிப் பதிவும் நீங்கள் அங்கே வேலை செய்ததற்குச் சான்று, அழிக்காதீர்கள்.

எத்தனை வயது வரை என்று கேட்டிருந்தீர்கள். முகத்தைவிடக் குரல் நிதானமாகத்தான் மூப்படைகிறது. நாற்பதைத் தாண்டிய பெண் இருபத்திரண்டு வயதுக் கதாநாயகிக்குப் பேசுவது இந்தத் தொழிலில் அதிசயம் இல்லை. ஸ்ரீஜா ரவி மலையாளத்தில் நாயகிகளுக்குப் பேசியவர். அவர் மகள் ரவீணாவும் அதே வேலைக்கு வந்து, பிறகு 'ஒரு கிடாயின் கருணை மனு', 'மாமன்னன்' என்று நடிக்கவும் போனார். ஆனால் வேலையின் தன்மை மாறிவருகிறது. நயன்தாரா 2015-ல் 'நானும் ரௌடிதான்' படத்தில் தானே பேசினார். தானே பேசும் நாயகிகள் கூடிவருகிறார்கள். படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவு செய்யும் படங்களும் கூடிவருகின்றன. எண்பது தொண்ணூறுகளில் எல்லா நாயகிக்கும் கேட்ட அந்தக் கொஞ்சும் மெல்லிய குரலுக்கு இப்போது தேவை குறைவு, அது நல்லதுதான். கதாநாயகிக் குரல் என்ற ஒன்றை மட்டும் நம்பி வருபவருக்கு இனி கஷ்டம். கூட்டக் குரல், பாட்டிக் குரல், கார்ட்டூன், ஓடிடித் தொடர், விளம்பரம், மொழிமாற்று வசனம் எழுதுதல் என்று நான்கைந்து வாசலைத் திறந்துவைப்பவருக்கு அறுபது வரைக்கும்கூட வேலை இருக்கும். இவற்றில் வசனம் எழுதக் கற்றுக்கொள்வதற்கே நான் முதலிடம் தருவேன். உதடு பார்த்துத் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு, தொண்டை கம்மிய நாளிலும் அந்த வேலை நிற்காது.

உடனே வீட்டைக் காலி செய்துகொண்டு வர வேண்டியதில்லை. மதுரையில் இருந்தபடியே மூன்று மாதம் பயிற்சி, மாதிரிப் பதிவு, பிறகு சென்னையில் உறவினர் வீட்டில் பதினைந்து நாள் தங்கி சங்கத்தையும் ஐந்தாறு கோ-ஆர்டினேட்டர்களையும் பகல் நேரத்தில் பார்க்கட்டும். கூட்டக் குரலுக்கு அழைப்பு வர ஆரம்பித்தால் ஹாஸ்டல் பாருங்கள். முதல் வருடத்துக்கு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வேறு வருமானம், பகுதி நேர வேலையோ வீட்டிலிருந்து பணமோ, இருந்தாக வேண்டும். காலையில் கூப்பிட்டு மதியம் வரச் சொல்வார்கள் என்பதால் நேரம் மாற்றிக்கொள்ளக்கூடிய வேலையாக அது இருக்கட்டும்.